மூணு தடவை தொலைஞ்ச அண்ணி

உக்காருங்க, உக்காருங்க. வாயில இருக்கறதை முழுங்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. பெரிய ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்த கதையைச் சொல்றேன். நடுவுல யாரும் கேள்வி கேக்கக்கூடாது.

மொத்தம் ஒம்பது பேர். எங்கப்பா, வீல் சேர்ல. எங்கண்ணன், அண்ணி. நான், என் பொண்டாட்டி, எங்க வாலுங்க ரெண்டு. அப்புறம் அண்ணன் மகன், அவன் பொண்டாட்டி. புது ஜோடி. கல்யாணமாகி பத்தொம்பது நாள்.

அவனுக்குக் கப்பல்ல வேலை. ஞாயித்துக்கிழமை ஏறினா, இறங்க ஒம்பது மாசம். அதுக்குள்ள பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போய் ஊர் காட்டணும்னு ரெண்டு டிக்கெட் போட்டிருந்தான்.

"ரெண்டே பேர் போய் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு வரவா? குடும்பத்தோட போனாத்தான்டா கலகலப்பு"ன்னு நான்தான் இன்னும் ஏழு டிக்கெட் போட வெச்சேன்.

ஏற்பாடெல்லாம் இந்த ஐயாவோடது. நான் பஸ் கண்டக்டர் இல்லையா, தலை எண்ணிப் பழகின ஆளு. லாட்ஜ்ல ரெண்டு ரூம். ஆம்பளைங்க ஒண்ணு, பொம்பளைங்க ஒண்ணு. வேன்லயும் முன்சீட்டு நாங்க, பின்சீட்டு அவங்க. கச்சிதம்.

மொத நாள் மிருகக்காட்சி சாலை. ஒட்டகச்சிவிங்கி முன்னாடி நிக்க வெச்சு எண்றேன். எட்டு. மறுபடியும் எண்றேன். எட்டேதான்.

"அண்ணி எங்க?"

எங்கண்ணி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினா அன்னிக்கு மழை வரும். கூட இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. ஃபோன் போட்டேன். அண்ணன் தோள்ல தொங்குற பையில மணியடிக்குது.

"கனமா இருக்கு, வெச்சுக்கங்கன்னு குடுத்தா"ன்னு அண்ணன் இழுத்தாரு.

யாரு தேடறது? அண்ணனுக்கு முட்டி வலி. நான் அப்பாவை விட்டு நகர முடியாது. என் பொண்டாட்டி கையில ஆளுக்கொரு பக்கம் புள்ளைங்க தொங்குது.

"நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்கப்பா"ன்னேன் புது ஜோடிகிட்ட.

ஒரு மணி நேரம் கழிச்சு மூணு பேரா வந்தாங்க.

"வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க"ன்னான் அண்ணன் மகன்.

"எங்க அண்ணி போனீங்க?"

"வழி மாறிடுச்சு."

அன்னிக்குக் கோட்டா முடிஞ்சுது.

ரெண்டாம் நாள் மியூசியம். ஒரு எலும்புக்கூட்டைப் பாத்துட்டுத் திரும்பினா, எட்டு. மறுபடியும் அதே ரெண்டு பேர் தேடப் போனாங்க. இந்தத் தடவை ஒண்ணரை மணி நேரம். அடுத்து நாங்க சவாரி போக வேண்டிய படகு எங்களை விட்டுட்டுப் போயிடுச்சு.

வேன்ல என் பொண்டாட்டி என் காதுகிட்ட வந்து ஆரம்பிச்சா. அவ மாதிரியே சொல்றேன், கேளுங்க. "பாவங்க அந்தப் பொண்ணு. புருஷன் கப்பலேறப் போற நேரத்துல நிம்மதியா ஒரு இடம் பாக்க முடியுதா? ஓட ஓட விரட்டறாங்க. கத்துற மாமியாரைக்கூட நம்பலாம், பேசாத மாமியாரை நம்பவே கூடாது. வேணும்னே பண்றாங்க."

ரகசியம் பேசறாளாம். டிரைவரே திரும்பிப் பாத்தாரு.

"பரவால்ல சித்தி, எனக்குக் கால் வலிக்கல"ன்னு அந்தப் பொண்ணு மெல்லச் சொல்லிச்சு.

அண்ணன் வேற கவலையில இருந்தாரு. "அவளுக்கு ஞாபகம் கொறையுது போலடா. ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட காட்டணும்"னாரு.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்டைப் பாத்துட்டே வந்தாங்க.

மூணாவது நாள், கடைசி நாள். மீன் காட்சியகம். அஞ்சு மாடி. இன்னிக்கு விடறதில்லைன்னு அண்ணி நிழலை மிதிச்சுக்கிட்டே நடந்தேன். ஒரு சுறா கண்ணாடிகிட்ட வந்து வாயைத் திறந்துச்சு. என் சின்னவன் அலறினான். அவனைத் தூக்கிட்டு நிமிர்ந்தா, எட்டு.

புது ஜோடி நான் சொல்றதுக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு.

எனக்குப் பொறுக்கல. அப்பாவை அண்ணன்கிட்ட ஒப்படைச்சுட்டு நானும் கிளம்பினேன். ஒவ்வொரு மாடியா ஏறி மூச்சு வாங்கி நாலாவது மாடியில நின்னா, தூணுக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு. அண்ணி. காலை நீட்டி உக்காந்துக்கிட்டு, கையில டீயை வெச்சு ஊதி ஊதிக் குடிக்கிறாங்க.

"நல்லா இருக்கு அண்ணி நீங்க பண்றது. அங்க அண்ணன் முகம் செத்துப்போய் நிக்கறாரு. உங்க மருமக எத்தனை படி ஏறி இறங்குதோ."

அண்ணி மோவாயால கீழ காட்டினாங்க.

கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு எட்டிப் பாத்தேன். அடி மாடியில, பெரிய மீன் தொட்டி எதிர்ல, படிக்கட்டுல ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. அந்தப் பொண்ணு செருப்பைக் கழட்டி வெச்சுட்டு அவன் தோள்ல சாஞ்சிருக்கு. அவன் காதுல என்னமோ சொல்றான். அது வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. மூணு நாளா கூடவே சுத்தறேன், அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

அப்பவும் இந்த மரமண்டைக்கு விளங்கல. "டேய், உங்கம்மா இங்க இருக்காங்கடா"ன்னு கூப்பிட வாயைத் திறந்தேன்.

அண்ணி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க.

"சத்தம் போடாதீங்க தம்பி. நான் தொலைஞ்சு இன்னும் அரை மணி நேரம்கூட ஆகல."