கோட்டைக் கண்ணாடி

மலைக்கோட்டை வாசலில் வாடகைக்குத் தந்த கண்ணாடியைப் போட்டதுமே இடிந்த மதில்கள் முழுசாய் எழுந்து நின்றன. மனிதர்களையும் அந்தக் காலத்து ஆட்களாகவே காட்டும் கண்ணாடி அது. தணிகைவேலுவுக்கு ராஜா நினைப்பே வந்துவிட்டது. முட்டிவலிக்கார மனைவி பூங்கோதை கீழேயே நிழலில் உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு மேலே ஏறினார்.

வழியெல்லாம் ஒரு பணிப்பெண் மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தாள். நடுவில் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். இதுவும் கண்ணாடி காட்டுகிற வேடிக்கைதான் போலும் என்று நினைத்து, "வேணும்னா கேக்க மாட்டேனா? தள்ளிப் போ!" என்று எரிந்து விழுந்தார்.

உச்சியில் ராணி மகாலுக்கு எதிரே நின்று கண்ணாடியைக் கழற்றினார். மகால் இல்லை, கூரையில்லாத சுவரும் ஆட்டுப் புழுக்கையும்தான் கிடந்தன. கொஞ்சம் தள்ளி பூங்கோதை மூச்சு வாங்க நின்றாள். தோளில் அவருடைய பை, கையில் தண்ணீர் பாட்டில்.

அவருக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய்ப் பையை வாங்கினார். பையின் வார் அழுத்திய இடத்தில் தோள் சிவந்து கன்றியிருந்தது.

"நீன்னு தெரியாமப் பேசிட்டேம்மா. கண்ணாடியில யாரோ வேலைக்காரி மாதிரி தெரிஞ்சுது."

பூங்கோதை புரியாமல் பார்த்தாள்.

"இப்ப என்ன பேசிட்டீங்க? எப்பவும் போலத்தானே பேசினீங்க" என்றபடி பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.