ஓரின் டட்டிலுக்கு ஆதாரம்

“ஓரின் டட்டிலைப் பத்தி உன்கிட்ட பேசணும் தம்பி. போன்ல வேணாம். நாலு மணிக்கு வீட்டுக்கே வரேன்.”

ஸ்டோல்மன் போனை வைத்துவிட்டார். கர்டிஸ் போனை வைக்க மறந்து நின்றான்.

நாற்பது வருஷம் ஊர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதியவர் ஸ்டோல்மன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பத்தி. பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் பழைய வீரன் ஒருவனைப் பற்றி அவர் கேட்கப்போகிறார். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா?

ஓரின் டட்டில் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. அவனைப் பெற்றெடுத்தது கர்டிஸ்தான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், நகர நூலகத்தில் வேலை. ஆளே வராத பனிக்கால மத்தியானம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில், உள்ளூர்க் கல்லூரியின் 1931-ஆம் வருஷத்து அணியைப் பற்றிய பக்கத்தில், பெயர் போடாமல் ஒரு வரி சேர்த்தான். ‘தோள்பட்டை எலும்பு முறிந்த பிறகும் ஓரின் டட்டில் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுபது கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார்.’

சும்மா விளையாட்டுக்கு. மறுநாள் அழித்துவிடலாம் என்று நினைத்தான். மறந்துவிட்டான்.

ரெண்டு வருஷம் கழித்து ஸ்டோல்மன் தன் பத்தியில், ‘அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்த்ததாக என் அப்பா சொல்வார்’ என்று எழுதினார். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பத்தியையே அந்த வரிக்கு ஆதாரமாகக் கொடுத்துவிட்டான்.

அதற்குள் கர்டிஸ் கலைக்களஞ்சியத்தில் பெரிய ஆளாகியிருந்தான். கல்லூரிக் கால்பந்து வரலாறு என்றால் அவன்தான். ஆதாரமில்லாத வரியைக் கண்டால் நறுக்கிவிடுவான். கூட எழுதுகிறவர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல்.

அந்த ஒரு வரியை மட்டும் அவன் தொடவில்லை. தொட்டால், முதலில் எழுதியது யாரென்று எவனாவது தோண்டுவான். அங்கே பழைய பதிவு எதுவும் அழியாது. தோண்டினால், பெயர் போடாத வரிக்கு நேரே நூலகக் கணினியின் இணைய எண் வரும். அப்போது நூலகத்தில் வேலை பார்த்தது ரெண்டே பேர். இன்னொருவர், மௌஸைத் தொடவே பயந்த மிஸஸ் கிரெப்ஸ்.

இப்போது கல்லூரி அந்தப் பெயரைக் கல்லில் வெட்டி மைதான வாசலில் வைக்கப்போகிறது. அடுத்த வாரம் சனிக்கிழமை விழா.

“என்ன கர்டிஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்றாள் மனைவி ஜோலீன்.

“ஸ்டோல்மன் வரார்.”

“வரட்டுமே. உன்னைக் கடிச்சா திங்கப்போறார்? அவருக்கு இருக்கிறதே கட்டுப்பல்லு.”

சிரித்துக்கொண்டே அவள் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

நாலு மணிக்கு வாசலில் கார் நின்றது.  கர்டிஸுக்குப் பின்பக்கமாக நழுவிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஸ்டோல்மன் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.  தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“தம்பி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“நீங்களா சார்?”

“எங்கப்பா அந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்ல. அந்த வருஷம் அவருக்கு மூணு வயசு. அந்த வாரம் எழுத ஒண்ணும் சிக்கல. உங்க கலைக்களஞ்சியப் பக்கத்துல அந்த வரியைப் பார்த்தேன், எடுத்துப் போட்டுட்டேன். அப்பா சொன்னார்னு சேர்த்தா நல்லா இருக்கும்னு சேர்த்துட்டேன். இப்ப கல்லுல வெட்டப்போறாங்களாம். ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல.”

கர்டிஸுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

“நீ ரொம்பக் கறாரான ஆளுன்னு சொல்றாங்க. அதான் உன்கிட்ட வந்தேன்.” கிழவர் அவன் முகத்தையே பார்த்தார். “அந்தப் பேர் முதல்ல எப்படி வந்துச்சுன்னு உனக்கு ஏதாவது தெரியுமா தம்பி?”

கர்டிஸின் வாய் திறந்தது. சொல்லிவிடலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

“தெரியலையே சார். யாரோ பேர் போடாம எழுதியிருக்காங்க.”

“சுத்தமாத் தெரியாதா?”

“தெரியாது சார்.”

“ம்.”

கர்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். “பரவால்ல சார், வருத்தப்படாதீங்க. மனுஷன்னா தப்பு வர்றதுதான். ஆனா உங்களை மாதிரிப் பெரியவங்களே இப்படிச் செஞ்சா சின்னப் பசங்க என்ன கத்துப்பாங்க? வரலாறுன்னா ஒரு பொறுப்பு வேணும் இல்லையா?”

“சரிதான் தம்பி. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல நானே எழுதிடறேன்.”

“எழுதிடுங்க சார். அதான் மரியாதை.”

கார் தெருமுனை திரும்பும்வரை கர்டிஸ் ஜன்னலோரமே நின்றான். பிறகு கணினியைத் திறந்து அந்த வரியை நறுக்கினான். காரணம் கேட்கும் கட்டத்தில், ‘பத்திரிகையாளர் ஒருவரின் கட்டுக்கதை’ என்று எழுதினான். அன்று ரெண்டு தட்டுச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜோலீன் பேப்பரை விரித்தாள். “உன் ஆள் எழுதியிருக்கார் கர்டிஸ். கேளு.”

சத்தமாகப் படித்தாள். ஸ்டோல்மன் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆட்டத்தையே பார்க்காத அப்பா, எழுத ஒன்றும் கிடைக்காத வாரம், எல்லாம் இருந்தது. கல் வெட்டுகிறவரிடம் அவரே போய் நிறுத்தச் சொல்லியிருந்தார். கர்டிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி தலையாட்டினான்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு,” என்று ஜோலீன் கடைசிப் பாராவைப் படித்தாள்.

“‘அந்தப் பெயரை முதலில் எழுதியவர் நானல்ல. அவர் யாரென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம்தான் பிடித்தது. இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. அவராகவே சொன்னால் அவருக்கு நல்லது. அதற்காகத்தான் வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், என் தப்பை முதலில் சொன்னேன். பெரிய மனசு அவருக்கு. என்னை மன்னித்து அனுப்பிவிட்டார்.’”