பித்தளை வில்லை

துப்பாக்கி சுடும் மன்றத்தில் தூரே என்பவன், ஸ்வீடன் ராணுவம் கழித்துவிட்ட தன் பழைய ரைபிளைத் தட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தான்.

"கட்டையில பித்தளை வில்லை பாத்தியா, இங்கெலா? இந்த ரைபிளுக்குன்னே எவ்வளவு தாழ்த்திக் குறி வைக்கணும்னு ராணுவமே குத்திக் குடுத்திருக்கு! உன்னுதுல வில்லையே இல்லையே!"

"போன மாசம் காணாமப் போச்சு. ஆமா, உன் குண்டெல்லாம் ஏன் கீழயே போகுது?"

"அதான் புரியல. வில்லையில இருக்கிற அளவுக்குத்தான் தாழ்த்துறேன்."

இங்கெலா அவன் வில்லையைப் படித்தாள். தன் ரைபிளை எடுத்து, அதே அளவு தாழ்த்தி ஐந்து முறை சுட்டாள். ஐந்தும் இலக்கின் நட்டநடுவில் துளைத்தன.

பையிலிருந்து திருப்புளியை எடுத்து நீட்டினாள்.

"நீயே கழட்டித் தர்றியா, நான் கழட்டட்டுமா?"