மஞ்சள் கடவைத் திறப்பு விழா

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், கல்முனை வீதியில் நம் பிள்ளைகள் அச்சமின்றிப் பள்ளிக்கூடம் போகும் பொற்காலம் இன்று காலை ஏழு மணிக்கு ஆரம்பமாகிறது. ஒலிபெருக்கி இதைச் சொல்லும்போது மணி ஏழரை. வீதியைக் குறுக்கே கடக்கப் புதிதாகப் பூசிய மஞ்சள் கடவை வெயிலில் மினுங்குகிறது. அதன் இரு முனைகளிலும் சிவப்பு நாடா. பக்கத்தில், பட்டு விரித்த தட்டில் கத்தரிக்கோலை ஏந்தி நிற்கிறார் நெசவுக்கார மீராமுகைதீன். போன மாதம் அவருடைய மூத்தவள் சபூறா கடவைக்கு அப்பால் உள்ள வளைவில் பஸ் அடித்து அந்த இடத்திலேயே மௌத்தானாள். அதனால்தான் கடவை வந்தது. அதனால்தான் தட்டையும் அவரிடமே கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிறது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நாடாவுக்குக் கீழே குனிகிறார்கள். விழாத் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் இரு கைகளையும் விரித்து மறிக்கிறார். "ஆரும் மிதிக்கப்படா புள்ளயள்! பிரதம அதிதி வந்துதான் முதல்ல மிதிக்கோணும். அங்கால வளைவால போங்க." பிள்ளைகள் வளைவை நோக்கி ஓடுகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடுவது மீராமுகைதீனின் இளையவள் சுல்பிகா. "நில்லு மகள், வாப்பா வாறன்!" அவர் தட்டோடேயே ஓடுகிறார். "காக்கா, கத்தரிக்கோல் உழுந்துரும்!" என்று ஹாஜியார் பின்னாலிருந்து கத்துகிறார். வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் அலறுகிறது. சபூறா விழுந்த இடத்தில் நடுவீதியில் நின்று, மீராமுகைதீன் பஸ்ஸை நோக்கித் தட்டை உயர்த்திப் பிடிக்கிறார். கத்தரிக்கோல் தாரில் விழுந்து சறுக்குகிறது. பஸ் இரண்டு முழத்துக்கு அப்பால் குலுங்கி நிற்கிறது. உயர்த்திய தட்டுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். பிரதம அதிதி இன்னும் வீட்டிலிருந்து புறப்படவில்லை.