ஐந்து வீட்டு டிராக்டர்

நாரின் ஆற்றங்கரையில் பனி உருகி, கோதுமை வயல் கறுத்து ஈரமாகக் கிடக்கிறது. சோவியத் போய்விட்டது, கூட்டுப்பண்ணையையும் கலைத்தாயிற்று. ஆடுகளைப் பிரித்தவர்கள், மிஞ்சிய ஒரே டிராக்டரையும் நேற்று ஐந்து வீடுகளுக்குப் பாகம் பாகமாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். எஞ்சின் தோக்தோசுனுக்கு, பின்சக்கரங்கள் என் அப்பாவுக்கு, ஓட்டுநர் இருக்கை புர்மகான் அக்காவுக்கு, மிச்சம் மற்ற இரண்டு வீடுகளுக்கு. இன்று காலை கழற்ற வந்தால், பதினெட்டு வருடமாக அதை ஓட்டிய அக்கா அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கரும்புகை தோக்தோசுனின் வெள்ளைக் கம்பளித் தொப்பியில் படிகிறது. அப்பாவின் கையில் ஸ்பானர் வெயிலில் மின்னுகிறது.

"எறங்கு புர்மகான். அவங்கவங்க பங்கை எடுக்கணும்ல," என்கிறார் தோக்தோசுன்.

"என் பங்குல நான் உக்காந்திருக்கேன். உன் பங்கை நீ எடுத்துக்கோ. சூடா இருக்கும், பாத்து."

"எஞ்சினைக் குடுத்தா எனக்கு ஒரு குதிரை கிடைக்கும்."

"கிடைக்கும். குளிர்காலத்துல அதை வெட்டித் திம்பே. கூட வச்சுத் திங்க ரொட்டி? இந்த வாரம் உழலைன்னா ஊருல ஒரு வீட்டுலயும் மாவு இருக்காது."

பிறகு அப்பாவைப் பார்க்கிறாள். "அண்ணே, உங்க சக்கரம் இப்ப உருளப்போகுது. கழட்டணும்னா கூடவே ஓடி வாங்க."

டிராக்டர் நகர்கிறது. முன்னால் நின்ற தோக்தோசுன் ஓரடி பின்வாங்குகிறார், இன்னும் ஓரடி, பிறகு சேற்றுக்குள் விலகுகிறார். அப்பா ஸ்பானரோடு பத்தடி ஓடி, மூச்சு வாங்க மட்கார்டில் தாவி ஏறி, தன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்துகொள்கிறார். அக்கா யாரையும் திரும்பிப் பார்க்காமல், பின்னால் மாட்டியிருந்த கலப்பையை வயலில் இறக்குகிறாள்.