கீழே எரிந்த பல்பு

மறுமணம் ஆன நாளிலிருந்து வசுமதிக்கு அதே கனவுதான். குடியிருப்பது மூன்றாவது மாடி. கனவிலோ சமையலறையிலிருந்து செங்கல் படிகள் ஒரு நிலவறைக்கு இறங்கும். அங்கே இருட்டில், இறந்துபோன முதல் கணவன் ஜெயசீலன் கோடுபோட்ட லுங்கியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். முகம் தெரியாது. அவன் கோபமாக இருக்கிறானா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இப்போதைய கணவர் தனபாலிடம் சொன்னால் இந்த வாழ்க்கையும் கைவிட்டுப் போய்விடுமோ என்று மனசுக்குள்ளேயே மூடி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அடக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "சாப்பிட்டாரான்னு கேட்டியா?"

"என்னங்க நீங்க! நான் பயந்து சாகுறேன்..."

"மனுஷனை இருட்டுல பசியோட உட்கார வெச்சுட்டு, பயமாம் பயம்!" என்றபடி அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அன்று மதியத் தூக்கத்தில் அவள் இறங்கியபோது நிலவறையில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஜெயசீலன் தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, அதே பழைய சிரிப்பைச் சிரித்தான்.

"உன் வீட்டுக்காரர்தான் கொண்டாந்தாரு. நீ வெக்கிற சாம்பாரைவிட நல்லாருக்கு."

விழித்தாள். பக்கத்தில் தனபால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய உள்ளங்கால்களில் செங்கல் தூசி அப்பியிருந்தது. வசுமதி எழுப்பவில்லை. முந்தானையை நனைத்து வந்து, இரண்டு பாதங்களையும் மெல்லத் துடைத்துவிட்டாள்.