தூங்காத ஆம்ப்ளிஃபயர்

“அப்பாவுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. நீ என்னடான்னா வீடே அதிர்ற மாதிரி ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பியிருக்கே. உனக்கே நல்லாயிருக்காடா?”

தம்பி கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அக்காவும் விடாமல் பின்னாலேயே போனாள்.

அப்பாவைப் பார்க்கத்தான் அவள் ஊரிலிருந்து வந்திருந்தாள். பழைய வீட்டை இடித்ததும் அப்பா தம்பியின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்குத் தொலைந்த தூக்கம்தான். மாத்திரை, சூடான பால், எதற்கும் மசியவில்லை. கண் இரண்டும் சிவந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன சொல்ல வந்தோம் என்று விழிக்கிறார்.

இந்த லட்சணத்தில், ஒரு ஆள் ஏறி உட்காரலாம் போல ஒரு சப்வூஃபர் பெட்டியை, தும்தும்மென்று தரையதிர வைக்கும் ஸ்பீக்கரை, கூடத்தில் இறக்கி வைத்திருக்கிறான் தம்பி. அதை ஓட்டுவதற்குத்தான் இந்த ஆம்ப்ளிஃபயர்.

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார்.

“இதைப் பாருங்க சார். ஐந்நூறு வாட்ஸ். நீங்க இங்கே போட்டீங்கன்னா பக்கத்து வீட்டுக்காரர் அங்கே ஆடுவார்!”

தம்பி குனிந்து அதன் பின்பக்கம் காதை வைத்தான். “உள்ளே ஃபேன் ஓடுதே?”

“சூடாகக் கூடாதுல்ல சார்.”

“ஃபேன் சத்தம் ஆகாது. வேற?”

அடுத்தது பார்க்க அழகாக இருந்தது. சின்னது, வெள்ளி நிறம்.

“இது தானா அணைஞ்சுடுமா?” என்றான் தம்பி.

“ஆமா சார். சத்தத்தைக் குறைச்சு வெச்சா, பாட்டு நின்னுடுச்சுன்னு நெனச்சுக் கொஞ்ச நேரத்துல அதுவே தூங்கிடும். கரண்ட் மிச்சம்!”

“தூங்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஓடணும்.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ராத்திரி முழுக்கவா? டேய், அப்பா அந்த வீட்டுல இருக்கார்ங்கறது ஞாபகம் இருக்கா?”

“இருக்குக்கா.”

கடைக்காரர் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் உள்ளே போய், கறுப்பாக ஒன்றைத் தூக்க மாட்டாமல் தூக்கி வந்தார். முதுகெல்லாம் அலுமினியச் சீப்பு. “பழைய மாடல் சார். ஃபேன் கிடையாது. இந்தச் சீப்பே சூட்டை இறக்கிடும். தானா அணையவும் அணையாது. சாதுவான மாடு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்.”

தம்பி அதைத் தடவிப் பார்த்தான். “சத்தத்தை ரொம்பக் குறைச்சா இரையுமா?”

“சுத்தமா இருக்கும். என்ன மாதிரி பாட்டு சார் கேப்பீங்க?”

“பாட்டு இல்லைங்க. இதையே கொடுங்க.”

வண்டியில் வரும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் அப்பா தூங்கும் அழகே தனி. பாயை விரிப்பதற்குள் குறட்டை வந்துவிடும். அவளும் தம்பியும் அவர் தலையில் ரிப்பன் கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, கைகொட்டிச் சிரித்தாலும் அசைய மாட்டார். எழுந்து முகம் கழுவப் போய்க் கண்ணாடியைப் பார்த்து அலறுவார். அதற்காகவே காத்திருப்பார்கள் இருவரும்.

வீட்டில் அப்பா கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். தம்பி சப்வூஃபரைத் தள்ளிக்கொண்டு போய் அவர் தலைமாட்டிலேயே வைத்தான்.

“இங்கேயாடா?” அக்கா பல்லைக் கடித்தாள்.

அவன் ஒயரைச் சொருகி, குமிழைத் துளியூண்டு திருப்பினான்.

எதுவும் கேட்கவில்லை. முதலில் அவள் பாதத்துக்குத்தான் தெரிந்தது. தரை மெல்ல அதிர்ந்தது.

டடம்... டடம்... டடம்...

அவள் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். பழைய வீட்டுக்குக் கீழே இருந்த அச்சகம்! அப்பா பகலெல்லாம் அங்கேதான் மெஷின் ஓட்டினார். ராத்திரி வேறு ஆட்கள் ஓட்டுவார்கள். மாடியில் அந்த அதிர்வில்தான் குடும்பமே தூங்கியது. சொம்புத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். மெஷின் நின்றால்தான் எல்லோருக்கும் விழிப்பு வரும். கல்யாணமாகிப் போன புதிதில், புகுந்த வீட்டு அமைதியில் அவளுமே தூக்கம் வராமல் புரண்டிருக்கிறாள். எப்படி மறந்தாள்?

அப்பா தலையைத் தூக்கினார். “மெஷின் ஓடுதா?”

“ஓடுதுப்பா.”

“ம்” என்றார். மெல்லச் சரிந்து படுத்தார். இமைகள் மூடின.

அக்கா தம்பியின் கையைப் பிடித்து வாசற்படிக்கு இழுத்தாள். “அச்சகத்தையும் சேர்த்துத்தானே இடிச்சாங்க? இந்தச் சத்தம் எங்கேடா கிடைச்சுது?”

“உன் கேசட்லேருந்துதான்க்கா. அதை ஃபோன்ல ஏத்தி, திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி வெச்சிருக்கேன். பாட்டுப் போட்டிக்காகப் பாடிப் பதிவு பண்ணினே. மெஷின் சத்தம் விழுந்து கெட்டுப்போச்சுன்னு அழுது தூக்கிப் போட்டியே. வீடு மாத்தும்போது அப்பா பெட்டியில, துணிக்கு அடியில இருந்துச்சு. மெஷினுக்காக எடுத்து வெச்சிருக்கார் பாவம்.”

“அதுல என் பாட்டும் இருக்குமேடா?”

“இருக்கு. ஆனா இந்தப் பெட்டி தும்தும்னு அதிர்ற கனத்த சத்தத்தை மட்டும்தான் விடும். உன் குரல் வராது. நான் வேணும்னேதான் அப்படி வெச்சேன். பாட்டு அவர் தூக்கத்தைக் கெடுத்துடுமே!”

உள்ளே அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மூடிய கண்ணைத் திறக்காமலே அவர் முனகினார்.

“மெஷின் மட்டும் ஓடுதே... என் பொண்ணு இன்னும் பாட ஆரம்பிக்கலையா?”